புகைப் பட்டியலில் ஒரு குதிரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் சேர்ந்த தொழிற்சாலை, டீசல் லாரிகளும் பஸ்களும் விடும் புகையைச் சுத்தம் செய்யும் பாகங்களைச் செய்தது. வெளியே பார்த்தால் பெரிய சைலன்சர் மாதிரி இருக்கும். உள்ளே கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் நச்சு வாயுவை மாற்றும் பீங்கான் கட்டிகளும் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பெட்டிகளில் ஒன்று ஐரோப்பாவுக்குப் போகும், இன்னொன்று அமெரிக்காவுக்கு. ஏன் அப்படி என்று முதல் ஆறு மாதம் எனக்குத் தெரியாது. நான் பெட்டியைத் தொட்டதே இல்லை. தர ஆவணப் பிரிவில் காகிதங்களைச் சரிபார்த்துக் கோப்பில் போடுவதுதான் என் வேலை.

வீடு திருவள்ளூரில். அப்பா பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். விடிந்தும் விடியாமலும் தேரடிப் பக்கம் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். எல்லோரும் தூங்குவார்கள். எனக்கு மட்டும் பஸ்ஸில் தூக்கம் வராது.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"மூணு வாரத்துல வெளிநாட்டுக் கஸ்டமர்ங்க வராங்கம்மா. உள்ள நுழைஞ்சதும் சுவத்துல ஒரு சார்ட் இருக்கணும். எந்த நாட்ல டீசல் புகைக்கு எவ்ளோ அளவு வச்சிருக்காங்கன்னு ஒரே பார்வையில தெரியணும். பண்ணிடுவியா?"

"பண்ணிடறேன் சார்" என்றேன். புகைக்கு அளவு உண்டு என்பதே அப்போதுதான் எனக்குச் செய்தி.

அன்று மாலையிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒவ்வொரு நாட்டின் விதிமுறையையும் கணினியிலிருந்து அச்செடுத்து பஸ்ஸில் படித்தேன். ஐரோப்பாக்காரர்கள் ஒன்றிலிருந்து ஆறு வரை படிப்படியாக ஏறியிருந்தார்கள். நாம் அவர்கள் பின்னாலேயே ஏறி, நாலாவது படியிலிருந்து ஐந்தைத் தொடாமல் ஆறுக்குத் தாவியிருந்தோம். ஐந்தாம் வகுப்பு படிக்காமலே ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையைப் போல எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. சீனாவும் பிரேசிலும் அநேகமாக ஐரோப்பாவின் வழி. ஜப்பானுக்குத் தன் கணக்கு. அமெரிக்கா யாரையும் பார்க்காமல் தன் போக்கில் எழுதிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாடுகள் நாம் எப்போதோ தாண்டி வந்த படியிலேயே நின்றன. அந்த நாடுகளுக்கு எங்களிடமிருந்து போன பெட்டியில் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது.

முக்கியமாக இரண்டு அளவுகள். ஒன்று நைட்ரஜன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத எரிச்சல் வாயு. மற்றது கரித்துகள், கண்ணுக்கும் சட்டைக்கும் தெரிவது. எஞ்சின் இவ்வளவு வேலை செய்தால் இத்தனை கிராமுக்கு மேல் வெளியே விடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த எண்கள் வாயில் ஒட்டிக்கொண்டன.

"என்னம்மா முணுமுணுக்கறே?" என்றார் அப்பா, ராத்திரி இலையில் உட்கார்ந்திருந்தபோது.

"நைட்ரஜன் ஆக்சைடுப்பா. ஐரோப்பாவுக்குப் பூஜ்யம் புள்ளி நாலு ஆறு."

"அமெரிக்காவுக்கு?"

"பூஜ்யம் புள்ளி ரெண்டு."

"அவாளுக்கு மட்டும் ஏன் கம்மி?"

"அவா ரொம்பக் கறாருப்பா."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "லாரி ஒண்ணுதானே. ஊருக்கு ஊர் வேற அளவுன்னா அது பாவம் என்ன பண்ணும்?"

அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள். "சாதம் ஆறிப் போறது. ரெண்டு பேரும் அமெரிக்காலேர்ந்து திரும்பி வந்தேள்னா ரசம் விடுவேன்."

பட்டியல் தயாரானது. எட்டடிக்கு நாலடி ஃபிளெக்ஸாக அச்சடிக்கக் கவரைப்பேட்டையில் ஒரு கடைக்குக் கொடுத்தோம். அந்தக் கடைக்காரர் அதுவரை காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும்தான் போட்டிருந்தார். நாடுகளின் பெயர்களைப் பார்த்துவிட்டு, "வெறும் நம்பரா இருந்தா யாரு மேடம் படிப்பாங்க? மேல உங்க போட்டோ ஒண்ணு வச்சிரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லி அதைத் தடுத்தேன். ஆனால் நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்துவிட்டார். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் ஒரு ஜோடிக் கிளி வேறு.

சுவரில் மாட்டியதும் ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்: கரித்துகளில் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா மூன்றும் சமம். மூன்றுக்கும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று. அதை எத்தனை முறை படித்தும் எனக்கு அலுக்கவில்லை. மேனேஜர் கேண்டீனில் எல்லோருக்கும் ஜிலேபி சொன்னார்.

மத்தியானம் செல்லிலிருந்து ஒருத்தி வந்தாள். எஞ்சினை ஓட்டிப் புகையை அளக்கும் அறையைத்தான் நாங்கள் செல் என்போம். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஆரம்பாக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடும் குடும்பம். பாலிடெக்னிக் படித்துவிட்டு நேரே அந்த அறைக்குள் போனவள். நான் அதுவரை அவளோடு பேசியதில்லை. ஜிலேபியைத் தின்றுகொண்டே மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"சூப்பரா கீது. கிளி கூட நல்லா கீது" என்றாள். "ஆனா அமெரிக்கா தப்பு."

"எது தப்புக்கா?"

"அமெரிக்கா மொத்தமும்."

எனக்குச் சுருக்கென்றது. "அவங்க விதிமுறையில இருக்கற நம்பர்தான் போட்டிருக்கேன். வேணும்னா காட்டறேன்."

"நம்பரு கரெக்டுதான். நம்பருக்குப் பக்கத்துல இன்னா எழுதிகினு கீறான்னு பாத்தியா? ஐரோப்பாக்காரன் கிலோவாட்டுல சொல்றான், நாமளும் அப்டிதான். அமெரிக்காக்காரன் குதிரையில சொல்றான். நீ குதிரையையும் கிலோவாட்டையும் ஒரே கட்டத்துல கட்டி வச்சிட்ட." கையை நக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கோபத்தோடுதான் மேசைக்குப் போனேன். அச்செடுத்த காகிதத்தை எடுத்து எண்ணின் பக்கத்தில் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை கிராம், ஒரு குதிரைத்திறன் மணிக்கு. ஐரோப்பாவின் தாளில் கிலோவாட் மணிக்கு. இரண்டு வாரமாகக் கண் முன்னால் இருந்தும் படிக்காமல் தாண்டியிருந்தேன். ஒரு குதிரைத்திறன் என்பது கிலோவாட்டில் முக்கால் பங்குக்கும் ஒரு மயிரிழை குறைவு. அதாவது அமெரிக்கா குறைந்த வேலைக்கு எத்தனை கிராம் என்று சொல்கிறது. நம் அளவுக்குக் கொண்டுவந்தால் அதன் எண்கள் எல்லாமே கூடும்.

காது இரண்டும் சுட்டன. கால்குலேட்டரை எடுத்து வகுத்தேன். நைட்ரஜன் ஆக்சைடு, பூஜ்யம் புள்ளி ரெண்டு, பூஜ்யம் புள்ளி ரெண்டு ஏழு ஆனது. பரவாயில்லை, அதில் அமெரிக்காதான் இன்னும் கறார். அடுத்து கரித்துகள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று மூன்று ஆனது.

மறுபடி வகுத்தேன். அதேதான். ஐரோப்பாவும் இந்தியாவும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று. அமெரிக்கா அதற்கு மேல்.

வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. செல்லை நோக்கி ஓடினேன். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் மூடி மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூப்பிட்டால் கேட்காது. எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். விரலால் காற்றில் ஏதோ கணக்குப் போட்டாள். காது மூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்டின்னா கரித்துகள்ல..."

"அமெரிக்காவை விட நாம கறாருக்கா."

"அட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். பாதுகாப்புக் காலணி ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். தரை அதிர்ந்தது. எதிரே தள்ளுவண்டியில் பீங்கான் கட்டிகளைக் கொண்டுவந்தவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார், ஏதோ உடைந்துவிட்டது என்று.

மேனேஜரிடம் தப்பைச் சொன்னபோது முதலில் அவர் முகம் வெளுத்தது. மிச்சத்தைச் சொன்னதும் நிறம் திரும்பியது. "இத அவங்க வரும்போது சுவத்துல போடலாமா? கோச்சிக்க மாட்டாங்களே" என்றார் மெதுவாக. அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது என்றோம். வேறு ஃபிளெக்ஸுக்குச் செலவு வேண்டாம் என்றார். அமெரிக்கக் கட்டங்களின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக் கையால் புது எண்ணை எழுதினேன். கடைசி வரியின் மேலும் ஒட்டி, கரித்துகளில் அமெரிக்காவைவிட ஐரோப்பாவும் இந்தியாவும் கறார் என்று மாற்றினேன்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவளுடைய கருவாட்டுக் குழம்பு மேசையின் அந்தக் கோடியில், என் புளியோதரை இந்தக் கோடியில், நடுவில் காகிதங்கள். அவள் நான் பார்க்காததையெல்லாம் காட்டினாள். ஐரோப்பாவும் நாமும் துகளை எடை போடுவதோடு விடாமல் எண்ணியும் பார்க்கிறோம், அமெரிக்கா எடையோடு நிறுத்திக்கொள்கிறது என்றாள். எண்ணுகிற நாட்டில் எடை குறைந்த பொடித் துகளும் தப்பிக்க முடியாது. இது கேண்டீனில் பரவியது. இரண்டே நாளில் ஐரோப்பா கட்சி, அமெரிக்கா கட்சி என்று மேசைகள் பிரிந்தன. பெயின்ட் பிரிவு முழுதும் அமெரிக்கா. வெல்டிங் பிரிவு ஐரோப்பா. சாம்பார் ஊற்றுகிறவர் தான் எந்தக் கட்சி என்று சொல்லாமலே ஊற்றினார்.

வெல்டிங் பிரிவில் கவரைப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். அவர்தான் கேட்டார். "நாமதான் கறாரு கறாருன்னு குதிக்கிறீங்களே. நான் தெனம் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். பஸ்ஸு, லாரில்லாம் எம்மாம் கருப்பா உட்டுக்கினு போவுது. அது இன்னா கணக்கு?"

சட்டம் புது வண்டிக்குத்தான், ஏற்கெனவே ஓடுகிற வண்டி அது பிறந்தபோது இருந்த படியிலேயே இருக்கும் என்று நான் விளக்கினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"புதுசு மட்டும் ஒண்ணியும் உடாதா? நீ கண்ணால பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. பெட்டியைத் தொட்டதில்லை, புகையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் கிராம்தான்.

"வா, பாத்துடலாம்" என்றாள் செல்காரி.

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. சரக்கு ஏற்றும் இடத்துக்குப் போனோம், பின்னாலேயே இரண்டு கட்சியும் வந்தது. நெல்லூர் பக்கமிருந்து வந்த புது லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வண்டி புகையே உடாது நைனா" என்று கூட வந்த ஆண்களிடம் சொன்னார். "புகைய சுத்தம் பண்ண ஊத்தற யூரியா தண்ணி தீந்துட்சின்னா மட்டும் பேஜாரு. ஸ்பீடே எடுக்காது, அதுவா முடிவு பண்ணி நின்னுக்கும்."

அவர் கிளப்பினார். அவள் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். டிரைவர் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தார். கைக்குட்டை படபடவென்று அடித்தது. எடுத்துப் பார்த்தால் பால் மாதிரி அப்படியே இருந்தது. வெல்டிங் அக்கா வாங்கி, திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது டெஸ்ட்டு இல்ல, சும்மா பாக்கறதுதான்" என்று செல்காரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. அடுத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய டேங்கர் லாரி. அதற்கு எந்தப் படி என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. இந்த முறை நான் பிடிக்கிறேன் என்றேன். என்னிடம் கைக்குட்டை இல்லை, துப்பட்டாவின் முனையைப் பிடித்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டேங்கர் ஒரே ஒரு முறைதான் உறுமியது.

துப்பட்டா கருப்பு. கையும் கருப்பு. முகம் எப்படி என்று எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வெல்டிங் அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது கன்னத்தில் கோடு கோடாக இறங்கியதைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். செல்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஊட்டுக்கு எப்டி போவ?" என்று கேட்க ஆரம்பித்தவளால் கேள்வியை முடிக்க முடியவில்லை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து, "யாரு?" என்றாள். நிஜமாகவே.

விருந்தாளிகள் வந்த நாளில் நாங்கள் எல்லோரும் துவைத்த யூனிஃபார்மில் நின்றோம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜெர்மனிக்காரர், நெடுநெடுவென்று உயரம். மற்றவர் அமெரிக்காவிலிருந்து வந்த அம்மா, நரைத்த குட்டை முடி. உள்ளே நுழைந்ததும் மேனேஜர் பட்டியலைக் காட்டினார். அந்த அம்மா நேராக அமெரிக்கக் கட்டத்துக்குப் போனார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தட்டினார்.

"குதிரைய மோப்பம் புட்ச்சிட்டாங்க" என்று செல்காரி என் காதருகே சொன்னாள்.

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாயை மூடினேன், மூக்கு வழியாக வந்தது. அவளும் மூடினாள், அவளுக்குத் தோள் குலுங்கியது. மேனேஜர் எங்களைப் பார்த்த பார்வையில் வேறு யாராயிருந்தாலும் கல்லாகியிருப்பார்கள். அந்த அம்மா திரும்பி, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மறைக்க ஒன்றும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டதை, அவள் வந்து சொன்னதை, வகுத்துப் பார்த்ததை. சிரிப்பு இடையிடையே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கரித்துகள் வரியைக் காட்டி, இதில் நாங்கள் உங்களைவிடக் கறார் என்றும் சொல்லிவிட்டேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஜெர்மனிக்காரர் முகத்தில்தான் மெல்ல ஒரு மகிழ்ச்சி பரவியது. அவர் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

எண்ணை மட்டும் வைத்துப் பேசக் கூடாது, எஞ்சினை எப்படி ஓட்டி அந்த எண்ணை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. எங்கள் சோதனை உங்களுடையதைவிட லேசில்லை. ஜெர்மனிக்காரர் பதில் சொன்னார், சோதனை அறைக்கு வெளியே சாலையிலும் கருவியைக் கட்டி அளக்கிறோம் என்று. நாங்களும்தான் அளக்கிறோம் என்றார் அந்த அம்மா. கிளப்பியதும் குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்கு நீங்கள் எவ்வளவு சலுகை கொடுக்கிறீர்கள் என்று அவர். நைட்ரஜன் ஆக்சைடில் உங்கள் எண் என்னவென்று இந்தச் சுவரிலேயே இருக்கிறதே என்று இவர். குரல் உயரவில்லை, ஆனால் இருவரும் விரலால் ஃபிளெக்ஸைக் குத்திக் குத்திப் பேசினார்கள். கிளிமேல் இரண்டு குத்து விழுந்தது. தொழிற்சாலை என்று ஒன்று சுற்றி இருப்பதையே மறந்துவிட்டார்கள். பெயின்ட் பிரிவும் வெல்டிங் பிரிவும் கண்ணாடிக்கு வெளியே நின்று, பந்து போகிற பக்கமெல்லாம் திரும்புவதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கேண்டீன்காரர் டீயைக் கொண்டுவந்து, ஆறியதும் எடுத்துக்கொண்டு போய், மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தார்.

இருபது நிமிடம் போயிருக்கும். ஜெர்மனிக்காரர் மூச்சு வாங்க, என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிறாய்?"

"இரண்டு பேரும் வேறு வேறு பரீட்சை எழுதுகிறீர்கள்" என்றேன் எனக்கு வந்த ஆங்கிலத்தில். "நான் மார்க்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்தப் பட்டியலை நம்பி யார் ஃபர்ஸ்ட் என்று சொல்ல முடியாது. அதை இதன் அடியில் எழுதியிருக்க வேண்டும்."

அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். தன் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் இடமிருந்தது. அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, எழுதினேன்.

ஆய்வு இரண்டு நாள் நடந்தது. சின்னச் சின்னக் குறைகள் சொன்னார்கள், ஒன்றும் பெரிதில்லை. அவர்கள் கார் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தம்மா சொல்லிட்டுப் போறாங்க, உன்ன காகிதத்துக்குள்ளயே வச்சிக்காதன்னு" என்றார். "உனக்கு எங்க போகணும்?"

"செல்லுக்கு சார்."

"அங்க சத்தம்மா. எண்ணெய், சூடு."

"பரவால்ல சார்."

அவர் என்னையே பார்த்தார். "இன்னொரு தடவ கஸ்டமர் முன்னாடி சிரிச்ச..." என்று ஆரம்பித்து, என்ன செய்வார் என்று சொல்லாமல் மாற்றல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அம்மாவுக்குக் கவலைதான். அப்பா, "அளக்கறேன்னு போறவளை என்ன சொல்றது? ஜாக்கிரதையா இரும்மா" என்றார். மறு வாரம் திங்கட்கிழமை சேர்ந்தேன். குளிர்ந்த எஞ்சின் சோதனைக்கு எஞ்சின் நெடுநேரம் ஓடாமல் ஆறிக் கிடக்க வேண்டும், அதனால் காலையில் முதல் வேலையே அதுதான். அவள் எனக்குக் காது மூடியைச் சரியாக மாட்டிவிட்டாள். கருவிகள் எல்லாம் பூஜ்யத்தில் நின்றன. எந்தப் பொத்தான் என்று விரலால் காட்டினாள். நீயே அழுத்து என்று தலையை ஆட்டினாள்.

அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஒரு முறை தயங்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. அந்த அதிர்வு தரை வழியாக ஏறி, முழங்கால் வழியாக, என் பல்வரிசை வரை வந்தது. திரையில் கோடுகள் மேலே பாய்ந்தன. இரண்டு வாரம் பஸ்ஸில் முணுமுணுத்த கிராமெல்லாம் இப்போது என் கண் முன்னால், என் ஒரு விரலால், ஏறி இறங்கின. நான் ஏதோ கத்தினேன். அவளும் ஏதோ கத்தினாள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை, அரை மணி நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.